தெர்மாகோலில் என் பெயர்

கிரீச் என்று ஒரு சத்தம். அட்டைப் பெட்டியிலிருந்து தெர்மாகோலை உருவும்போது வருமே, பல்லின் வேர்வரை போய் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டுத் திரும்புமே, அந்தச் சத்தம். போன வாரம் வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் புது டிவி வந்தது. என் வீட்டுக்காரர் பெட்டியைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு இழுக்க, தெர்மாகோல் வரமாட்டேன் என்று கத்த, நான் அடுப்படியில் நின்றபடி சிரித்துவிட்டேன்.

“இந்தச் சத்தத்துக்கு எல்லாரும் காதப் பொத்துவாங்க. நீ என்ன சிரிக்கிற?” என்றார்.

“ஒண்ணுமில்ல. நீங்க இழுங்க.”

இழுத்தார். வந்தது. சுவரில் மாட்டி சுவிட்சைப் போட்டால் படம் வரவில்லை. ‘அப்டேட் ஆகிறது, காத்திருக்கவும்’ என்று ஒரு வட்டம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தது. கடைக்குப் போன் போட்டார். “எல்லா டிவியும் அப்பிடித்தாண்ணே. வாங்குன அன்னைக்கே கேக்கும். கொஞ்ச நேரம் ஓடவிட்டீங்கன்னா தானா முழுசாயிரும்” என்றது ஒரு பெண்குரல், துளிக் கூச்சமில்லாமல். எனக்கு அந்தக் குரல்மேல் பாசமே வந்துவிட்டது. அது என் குரல். இருபது வருடத்துக்கும் மேலாகிறது. பழங்காநத்தத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்துகொண்டு, பாதி வெந்ததையெல்லாம் முழுசாக வெந்தது என்று விற்ற குரல்.

கடை மாடியில் இருந்தது. கீழே பஞ்சர் ஒட்டுகிற கடை. அங்கே வேகும் ரப்பரின் வாசனை படியேறி வந்து, மேலே சிடி எழுதும் பெட்டியின் சூட்டோடும் மார்க்கர் பேனாவின் நெடியோடும் கலந்து தலையைக் கிறுகிறுக்க வைக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா என் துப்பட்டாவை முகர்ந்து பார்த்து, “கம்ப்யூட்டர் வேலைக்குப் போற பிள்ள மேல ஏன்டி லாரி வாசம் அடிக்குது” என்பாள். அம்மாவுடையது நாற்று நட்ட கை. அவள் நட்ட வயல்களில் ஒரு சாண்கூட எங்களுடையதாக இருந்ததில்லை. ஆகவே மகள் நாற்காலியில் உட்கார்ந்து செய்வது எதுவானாலும் அவளுக்கு அது கலெக்டர் உத்தியோகம். அந்த நாற்காலியில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம்.

முதலாளி குபேந்திரன் அண்ணே. வீட்டில் சௌராஷ்டிரம், கடையில் மதுரைத் தமிழ், கம்பெனிக்காரர்களிடம் போனில் எந்தத் தேசத்தாருக்கும் பிடிபடாத ஓர் ஆங்கிலம். அவர் அப்பா காலத்தில் சுங்குடிச் சேலை வியாபாரம். சுங்குடியில் ஒரு விசேஷம் உண்டு. துணியைக் கிள்ளிக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சு இருந்த இடமெல்லாம் புள்ளியாக நிற்கும். சில வியாபாரிகள் அந்த முடிச்சை அவிழ்க்காமலே விற்பார்கள். சேலை சுருண்டு கருவாடு மாதிரி கிடக்கும். வாங்கியவள் வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால், படபடவென்று முடிச்சுகள் தெறித்துப் புள்ளிகள் ஒவ்வொன்றாய்க் கண் விழிக்கும். கையால் கட்டியது என்பதற்கு அந்த முடிச்சுதான் அத்தாட்சி.

இதை அண்ணே அப்படியே சாப்ட்வேருக்கும் சித்தாந்தமாக்கிவிட்டார்.

“முடிஞ்ச சாமானத்த எவனும் விப்பாம்மா. முடியாதத விக்கத்தான் நாம இருக்கோம். சேலைய அவுத்தா குடுக்குறோம்? கொண்டுபோயி இழுத்துக்கிறட்டும்.”

சென்னையிலிருந்து யாரோ அவருக்குப் பார்சல் அனுப்புவார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகள் ஒரு சாப்ட்வேரை வெளியிடுவதற்கு முன்னால், ‘சோதித்துப் பார்த்துக் குறை சொல்லுங்கள்’ என்று நாலு பேருக்குக் கொடுக்கும் சிடிக்கள் அவை. ‘இது முடிவானதல்ல’ என்று ஏழெட்டு இடத்தில் அச்சடித்திருக்கும். அந்த எழுத்து வருகிற இடத்திலெல்லாம் ‘புத்தம் புதிய இறுதிப் பதிப்பு’ என்று பளபளப்பான ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் என் வேலை. ஸ்டிக்கருக்கு அடியில் காற்றுக் குமிழ் நிற்கக் கூடாது என்பதில் நான் காட்டிய நேர்மையை வேறு எதிலும் காட்டியதில்லை.

அதில் ஒரு சிடி நாலு மாதத்தில் உயிரை விட்டுவிடும். வாங்கியவர்கள் வரிசையாகப் படியேறி வந்தார்கள். அண்ணே பதறவில்லை. “கம்ப்யூட்டர்ல தேதியப் பின்னால தள்ளி வச்சுக்கங்க. அது பாட்டுக்கு ஓடும்.” எல்லோரும் போய்த் தள்ளி வைத்தார்கள். அந்த வருஷம் பழங்காநத்தத்தில் பாதிக் கம்ப்யூட்டர்கள் போன வருஷத்தில் வாழ்ந்தன. டைப்பிங் சென்டரில் மனு அடித்துக் கொண்டுபோன ஒருவரிடம், “ஒரு வருசமாக் கையில வச்சுக்கிட்டு என்னய்யா பண்ண?” என்று அலுவலகத்தில் கேட்டார்களாம். அவர் வந்து எங்களிடம் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

எங்கெங்கோ போகிறேன். செந்திலிடம் வருகிறேன்.

செந்தில் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவன். வில்லாபுரத்தில் அறை எடுத்துத் தங்கி, எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுவான். மெலிந்த உருவம். ஒரு வாக்கியத்தின் கடைசி வார்த்தையை எப்போதும் விழுங்கிவிடுவான். நாம்தான் போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். “டீ குடிக்கப் போலாமா” என்பது அவன் வாயிலிருந்து “டீ குடிக்க…” என்றுதான் வரும். நான் நிரப்பியதில்லை. அவன் வீடு வேறு, எங்கள் வீடு வேறு. இந்த ஊரில் அந்த வாக்கியத்துக்கு யாரும் உரை எழுத வேண்டியதில்லை.

அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. திருப்பரங்குன்றத்துக் கல்யாண மண்டபங்களுக்கு ஒரு சாப்ட்வேர். முகூர்த்த நாளில் அந்த ஊரைப் பார்த்திருக்கிறீர்களா? முருகனே கல்யாணம் கட்டிக்கொண்ட இடம் என்பதால் ஜில்லாவே அங்கேதான் தாலி கட்ட வரும். ஒரு மாப்பிள்ளையின் மாலை இன்னொரு மாப்பிள்ளையின் மாலையில் சிக்கி, பூ உதிர்ந்து, சமாதானமாகிப் போவார்கள். தாலி கோயிலில், சாப்பாடு மண்டபத்தில். மண்டபக்காரர்களோ எண்ணெய்ப் பிசுக்கேறிய நோட்டில் தேதி குறித்துக்கொண்டிருந்தார்கள். செந்திலின் சாப்ட்வேரில் மாதம் மாதமாகக் காலண்டர் விரியும். தேதியைப் பதிந்தால் கட்டம் சிவப்பாகும். கல்யாணத்துக்கு முதல்நாள் காலையில், பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், வீட்டுப் போன் நம்பர் எல்லாம் பெரிய எழுத்தில் ஒரு சீட்டாகத் தானே அச்சாகி வரும். வாசலில் போர்டு எழுதுகிறவருக்கு அதைக் கொடுத்தால் போதும். அவன் ஒழுங்காக எழுதி முடித்திருந்தது அந்தச் சீட்டு அச்சாகும் பகுதியை மட்டும்தான் என்பது பிற்பாடு தெரிந்தது.

ஒரு சிடியில் போட்டு, மேலே மார்க்கரால் ‘சோதனைக்கு மட்டும். விற்பனைக்கு இல்லை’ என்று எழுதி அண்ணேயிடம் கொடுத்தான்.

“இன்னும் முடியலண்ணே. சும்மா ஓட்டிப் பாருங்க. உள்ள சில மாதிரிப் பதிவெல்லாம்… நான் வந்து அத…”

சென்னையில் நேர்முகத் தேர்வு என்று பத்து நாள் போய்விட்டான்.

அண்ணே சிடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சேலையின் முடிச்சை நெருடிப் பார்க்கும் அதே விரல்கள். “ஆவணி முகூர்த்தம் வருதும்மா. இப்ப விக்காம எப்ப விக்கிறது? நாலு காப்பி போடு.”

போட்டேன். மார்க்கர் எழுத்து நாலிலும் இல்லை. அதற்குப் பதில் என் ஸ்டிக்கர். குமிழ் இல்லாத ஸ்டிக்கர். நானே பஸ் ஏறிப் போய் மூன்று மண்டபங்களில் மூன்றைக் கொடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, மேனேஜர்களுக்கு எலியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்தேன். அவனியாபுரத்து மண்டபக்காரர் மட்டும், “என் நோட்டு கரண்ட் போனாலும் தெரியும் தாயி” என்று திருப்பி அனுப்பினார். நாலாவது சிடி கடை அலமாரியில் நின்றது.

சென்னையிலிருந்து திரும்பிய செந்தில், விஷயம் தெரிந்ததும் வெளிறிப்போனான்.

“எங்கெங்க குடுத்தீங்க?”

“மொதலாளியக் கேளுங்க,” என்றேன். வாங்கியவர் பெயரைச் சொன்னால் இவன் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவான் என்று அண்ணே பூட்டுப் போட்டிருந்தார் என் வாய்க்கு.

“அதுல ஒண்ண அழிக்கணும். ரொம்ப…”

“எத?”

அவன் காது சிவந்தது. சாப்ட்வேரில் தப்பிருந்தால் ஒருத்தனுக்குக் காது ஏன் சிவக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அண்ணே தோளில் தட்டி, “அழிச்சுக்கிறலாம் மாப்ள. எங்க ஓடப்போகுது?” என்றார். அது ஓடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு மாதம் காத்திருந்தது.

ஆவணியில் ஒரு பெரிய முகூர்த்தம். அதற்கு முதல்நாள் மத்தியானம், சாப்பாட்டுத் தூக்கைத் திறந்த நேரத்தில் போன் அடித்தது.

“பொண்ணு வீடுங்களா?”

“இது கம்ப்யூட்டர் கடைண்ணே.”

“வெளையாடாதம்மா. சன்னதித் தெரு மண்டபத்துல இருந்து மேனேஜர் பேசுறேன். நாளைக்கு முகூர்த்தத்த வச்சுக்கிட்டு இன்னும் சாவி வாங்க ஆள் வரல. சீட்டுல இந்த நம்பர்தான் போட்டுருக்கு.”

“பொண்ணு பேரு என்னண்டு போட்டுருக்கு?”

சொன்னார். என் பெயர். தூக்கில் இருந்த ரசம் என் கையில் கவிழ்ந்தது. ஊரில் அந்தப் பெயரில் நூறு பேர் இருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, “மாப்பிள்ள பேரு?” என்றேன்.

“செந்தில்னு இருக்கு.”

அடுத்த கால் மணி நேரத்தில் இன்னும் இரண்டு போன் வந்தன. ரயிலடிக்குப் பக்கத்து மண்டபம். கிரிவலப் பாதை மண்டபம். எல்லோருக்கும் ஒரே பெண் வீடு, ஒரே மாப்பிள்ளை. நான் ஒரே முகூர்த்தத்தில் மூன்று மண்டபங்களில் கல்யாணம் செய்துகொள்ளவிருந்தேன்.

செந்தில் மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். திரும்பிப் பார்த்தேன். காதைப் பார்த்ததுமே எல்லாம் விளங்கிவிட்டது. கட்டம் சிவப்பாகிறதா என்று பார்க்க ஒரு பதிவு போட்டிருக்கிறான். ஒரு பெண் பெயர் வேண்டும், போட்டான். ஒரு மாப்பிள்ளை பெயர் வேண்டும், போட்டான். போன் நம்பருக்குக் கடை நம்பர். நான் காப்பி போட்டது அதையும் சேர்த்துத்தான். மண்டபத்துக்காரர்கள் சிவப்புக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, நமக்குத் தெரியாமல் மண்டப முதலாளியே யாருக்கோ வாக்குக் கொடுத்திருப்பார் என்று வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். முதலாளியைக் கேள்வி கேட்கிற மேனேஜரை இந்த ஜில்லாவில் நான் கண்டதில்லை. வந்த கல்யாணக் கட்சிகளையெல்லாம் மண்டபம் ஃபுல் என்று திருப்பியும் அனுப்பியிருக்கிறார்கள்.

“போர்டு எழுதக் குடுத்துட்டாங்களாம்,” என்றேன். “சாயங்காலம் வாசல்ல ஏறிரும். எங்க ஆளுக வேன் வேனா வந்து எறங்குற எடம் அது. எங்கப்பா கண்ணுல பட்டா என்ன ஆகுமுண்டு தெரியுமா? ஒங்க வீட்டு ஆளு ஒருத்தன் பாத்தா?”

அவன் எழுந்து நின்றான். ஒரு வார்த்தையும் விழுங்காமல், முழுசாக, “தெரியும். வாங்க போலாம்,” என்றான்.

அண்ணே மட்டும் கல்லாவில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “இழுத்தீங்களா, முடிச்சு அவுந்துருச்சா.” நான் பார்த்த பார்வையில் சிரிப்பை நிறுத்தி, “போயிட்டு வாம்மா. ரெண்டு நாள் லீவு எடுத்துக்க,” என்றார். அவரிடமிருந்து நான் வாங்கிய ஒரே லீவு.

ஒரே பஸ்தான். நான் முன்வாசலில் ஏறினேன், அவன் பின்வாசலில். நடுவில் ஊர் முழுக்க நின்றுகொண்டிருந்தது.

போர்டுக்காரர் பாண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஊர் மண்டபங்கள் எல்லாவற்றுக்கும் அவர் ஒருத்தர்தான். தெர்மாகோலைப் பிளேடால் எழுத்தெழுத்தாக அறுத்து, ஜிகினாத் தூள் தூவி, சிவப்பு வெல்வெட் துணியில் குண்டூசியால் குத்துவார். அவர் இருக்கிற தெருவில் பாதிப் பேருக்குப் பல் கூச்சம். ரயிலடி மண்டபத்து வாசலில் அவரைப் பிடித்தோம். போர்டு தரையில் கிடந்தது. என் பெயர் வெயிலில் மின்னியது. நம்ப மாட்டீர்கள், ஒரு கணம் நன்றாகத்தான் இருந்தது.

“மூணு மண்டபத்துலயும் ஒரே பேரு வந்துச்சே, ஒங்களுக்குச் சந்தேகம் வரலையாண்ணே?”

“எதுக்கு வரணும்? ஒண்ணு சாப்பாட்டுக்கு, ஒண்ணு தங்க, ஒண்ணு கச்சேரிக்கு. பெரிய எடம் போலண்டு நெனச்சு ஜிகினாவ அள்ளிப் போட்டேன்.” என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஆமா, பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?”

“தூரத்துச் சொந்தம்.”

அங்கே கழற்றினோம். கிரிவலப் பாதையிலும் கழற்றினோம். போகிற வழியில் செந்தில் தன் பெயரையும் நடந்ததையும் பாண்டியிடம் உளறிவிட்டிருந்தான். சன்னதித் தெரு போய்ச் சேர்ந்தபோது போர்டு ஏற்கெனவே வாசல் வளைவின் உச்சியில் ஏறிவிட்டிருந்தது. செந்தில் ஏணியில் ஏறினான். பாண்டி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் யாரோ மாதிரி நாலடி தள்ளி நின்றேன். அப்போதுதான் ஓர் அண்டா என் காலருகே வந்து நின்றது. அண்டாவுக்குப் பின்னால் என் அத்தை.

அப்பாவின் அக்கா. கல்லுப்பட்டிப் பக்கம் வாக்கப்பட்டவள். நாற்பது வயதில் முதியோர் பள்ளிக்குப் போய் எழுத்துக் கூட்டப் படித்தவள். அன்றிலிருந்து அவள் கண்ணில் பட்ட எந்த எழுத்தும் தப்பியதில்லை. பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, பொட்டலத் தாள், எதையும் உரக்கப் படிப்பாள்.

“ஏத்தா மருமகளே, நீ எங்கிட்டு இங்க?”

“கம்ப்யூட்டர் ரிப்பேரு அத்தே. நீங்க?”

“எங்க தெருவுல செல்வராணிக்கு நாளைக்குக் காலையில கோயில்ல தாலி. சோறு போடத்தான் எடம் இல்ல. எட்டு மண்டபம் ஏறி எறங்கிட்டோம். அம்புட்டுப் பேரும் ஃபுல்லுன்டாங்க. ரயிலடிப் பொட்டல்ல அடுப்பு மூட்டிக்கிருவம்னு அண்டாவத் தூக்கியாந்தோம்.” சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். “நமக்குன்னா எப்பவும் ஃபுல்லுதான. புதுசாவா.”

அந்தக் கடைசி வார்த்தையை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வெயில் அடிக்கிறது என்பதுபோலச் சொன்னாள். எட்டில் மூன்றை மறித்து நின்றது யார் என்று அவளுக்குத் தெரியாது. அவர்கள் தெருப் பெண்ணுக்கு மண்டபம் இல்லாமல் போனது, நடக்கவே போகாத என் கல்யாணத்தால். நான் ஒட்டிய ஸ்டிக்கரால். இந்த ஒரு தடவை ஃபுல்லுக்குக் காரணம் அவர்கள் நினைத்தது அல்ல. அந்த உண்மையும் அவர்களுக்கு ஓர் ஆறுதலாகாது.

அத்தையின் பார்வை மேலே போனது. உதடு அசைந்தது. எழுத்துக் கூட்ட ஆரம்பித்துவிட்டாள்.

“ஏத்தா. ஒம் பேரு போட்டுருக்கு.”

“இந்தப் பேரு ஊருல எம்புட்டோ பேருக்கு இருக்கு அத்தே.”

“இருக்கட்டும். அந்த ஏணியில நிக்கிறவன் ஏன் ஒன்னையப் பாத்து நடுங்குறான்? யாரு அவன்?”

“போர்டுக்காரன். எனக்கெப்படித் தெரியும்?”

பாண்டி கீழேயிருந்து அண்ணாந்து குரல் கொடுத்தார். “செந்திலண்ணே, பாத்து எடுங்க. ஒங்க பேருல ஜிகினா ஈரம் காயல.”

அத்தை போர்டைப் பார்த்தாள். ஏணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சன்னதித் தெருவின் அத்தனை நாயனமும் அந்த நேரத்தில் மூச்சு வாங்க நிறுத்தியதுபோல எனக்குத் தோன்றியது. அவளுக்குப் பின்னால் அவர்கள் தெருப் பெண்கள் நாலைந்து பேர் கரண்டியும் வாளியுமாக வந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி, “என்னக்கா எழுதியிருக்கு?” என்றாள்.

எழுதப் படிக்கத் தெரிந்தவள் அந்தக் கூட்டத்தில் அத்தை ஒருத்திதான்.

“தப்பா எழுதியிருக்காம்,” என்றாள் அத்தை. “கழட்டுறாங்க.”

நான் மண்டபத்துக்குள் ஓடினேன். மேனேஜர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, கம்ப்யூட்டர் பேரத் தப்பா அடிச்சிருக்கு. கட்சி வந்துருச்சு. பொண்ணு செல்வராணி. அண்டாவோட வெளிய நிக்கிறாங்க.”

அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. சாவிக்கொத்தை என் கையில் திணித்துவிட்டுச் சாமி படத்தைக் கும்பிட்டார். முகூர்த்தத்துக்குக் காலியாகக் கிடக்கும் மண்டபம் மேனேஜருக்கு எவ்வளவு பெரிய கெட்ட சகுனம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பாண்டி அங்கேயே உட்கார்ந்து புதுப் பெயர் அறுக்க ஆரம்பித்தார். ‘செ’ மட்டும் அறுக்க வேண்டியிருக்கவில்லை. செந்திலிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலைப் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியது யார் என்று நினைக்கிறீர்கள்? “ஏணியில நின்னவனே, இங்கிட்டு வா. மண்டபத்த மறிச்சேல்ல, வாளியத் தூக்கு” என்று அத்தை உத்தரவு போட்டிருந்தாள். எப்படியோ பாண்டியிடம் கேட்டு முழுக்கதையையும் கறந்துவிட்டிருந்தாள். கடைசிப் பந்தியில் அவர்கள் தெரு ஆட்களோடு தரையில் உட்கார்ந்து செந்தில் சாப்பிட்டான். அத்தை இரண்டு தரம் பாயசம் ஊற்றினாள். அவன் வீட்டுக்காரர்கள் பார்த்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்து எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அப்பாவிடம் அத்தை வாயைத் திறக்கவே இல்லை. ஆனால் சாகும்வரை என்னைப் பார்த்தால், “ஏத்தா, எந்த மண்டபத்துல இருந்து வார?” என்றுதான் கேட்டாள்.

எனக்குக் கல்யாணம் அப்புறம் நான்கு வருஷம் கழித்து, வேறு ஊரில், வேறு பெயரோடு நடந்தது. அதற்குள் ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. எங்கள் இரண்டு பேர் முகமும் ஆளுயரத்தில் வாசலில் நின்றது. கண்ணாடி போட்ட தாய்மாமன்கள் கீழே வரிசையாக. இப்போது அதுவும் போய், மண்டப வாசலில் எழுத்து ஓடுகிற மின்பலகை. நாலு கல்யாணத்துக்கு ஒரே பலகை. பாண்டி பிளேடைக் கீழே வைத்து வருஷமாகிறது. மகனுடைய ஃப்ளெக்ஸ் கடையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குக் காப்பி சொல்கிறாராம். பழங்காநத்தத்து மாடியில் செல்போன் உறை விற்கிறார்கள். ரப்பர் வாசனை இன்னும் படியேறுகிறது. போய்ச் சேர இடமில்லாமல் பாதிப் படியிலேயே நின்றுவிடுகிறது. குபேந்திரன் அண்ணே இல்லை. அவர் கடைசிவரை ஒன்றையும் முடித்து விற்கவில்லை என்றாலும், இன்றைக்கு உலகமே அவர் கடையாகிவிட்டது. போன், டிவி, கார் எல்லாம் முடிச்சோடுதான் வருகின்றன. நாம் வீட்டில் வைத்து இழுத்துக்கொள்கிறோம்.

என் கல்யாணத்துக்கு அவர் ஒரு சுங்குடிச் சேலை கொடுத்தார். முடிச்சு அவிழ்க்காதது. இன்னும் அவிழ்க்கவில்லை. பீரோவில் அடித்தட்டில் சுருண்டு கிடக்கிறது, நடுவில் வட்டமாக, தட்டையாக ஒன்றைச் சுற்றிக்கொண்டு. மூன்று மண்டபத்துக் கதையை என் வீட்டுக்காரரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். நாலாவது சிடியைப் பற்றி அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் பாதகமில்லை. அதைப் போட்டுப் பார்க்க இந்தத் தெருவில் யாரிடமும் பெட்டி இல்லை.

போர்டு கழற்றிய அந்த வருஷக் கார்த்திகையில் செந்திலுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. மண்டபச் சாப்ட்வேரை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனான். அண்ணே அதை ‘இரண்டாம் பதிப்பு’ என்று மறுபடி விற்றார். வழியனுப்ப மதுரை ஜங்ஷனுக்கு அண்ணேயும் நானும் போனோம். அண்ணே வாழைப்பழம் வாங்குகிற சாக்கில் பிளாட்பாரத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார். அவருக்கு வாழைப்பழம் ஆகாது. சிக்னல் விழுந்தது. செந்தில் ஜன்னல் கம்பிக்கு உள்ளேயிருந்து பார்த்தான். இரண்டு வருஷமாக வராத ஒருமை அன்றைக்கு அவனுக்கு வந்தது.

“எல்லாத்துலயும் அழிச்சிட்டியா?”

“மூணு மண்டபத்துலயும் அழிச்சாச்சு.”

“கடையில இன்னொண்ணு…”

வண்டி ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. முதல்முறையாக அவன் விழுங்கியதை நான் நிரப்பிக்கொண்டேன். நாலடி கூடவே நடந்தேன்.

“அது விக்கிறதுக்கு இல்ல.”